இடது காலுக்கு இரண்டு கண்ணி கூட

1

வியாழக்கிழமை காலை சேலத்துப் பார்சல் வந்தது. சனிக்கிழமை கல்யாணம். அதுவரை அந்தப் பெட்டி சுங்கத்தில் முடங்கிக் கிடந்தது. ‘இது வியாபாரப் பொருளா, அன்பளிப்பா?’ என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பதில் எழுதி, அவர்களையும் குழப்பி, நானும் குழம்பி, கடைசியில் வியாபாரம்தான் என்று சொல்லி வரியைக் கட்டித் தொலைத்தேன்.

கடைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். நெத்திச்சுட்டி இருந்தது. நீளமான கழுத்து ஆரம், தோடு, வளையல், எல்லாம் வெள்ளியில் செய்து பொன் முலாம் பூசியவை, கேட்டபடியே இருந்தன. கடைசியாக ரோஸ் காகிதத்தில் சுற்றிய கொலுசுப் பொட்டலம். பிரித்தால் உள்ளே ஒரே ஒரு கொலுசு.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடைத்திருந்த பழைய செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக விரித்து உதறினேன். இல்லை. அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். கையில் இருந்தது சிறிய அளவு, வலது காலுக்கானது.

நான் கொலுசு விற்பவள். கொலுசு ஜோடியாகத்தான் வரும். ஒன்று மட்டும் வந்தால் இன்னொன்று தொலைந்திருக்க வேண்டும், அல்லது யாரோ வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருக்க வேண்டும். என் அண்ணன் பட்டறையில் பொருள் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் கலாமணி. பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம், வாக்கப்பட்டது நாமக்கல். என் வீட்டுக்காரருக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு வந்தோம். முதலில் வீட்டில் ஜாக்கெட் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். இப்போது கறிக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி கடை. கல்யாணப் பெண்ணுக்கு உடுப்பும் நகை செட்டும் வாடகைக்கும் விலைக்கும் தருகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம் பெண்கள். பாகிஸ்தான், வங்காளதேசம், குஜராத், நம் இராமநாதபுரம் என்று பல ஊர்க்காரர்கள். தங்கம் விற்கிற விலையில் அசல் நகை போட்டு மேடை ஏற அவர்களுக்கும் முடிவதில்லை. ஜலகண்டாபுரத்துத் தறியில் நெய்த சிவப்புச் சேலை இரண்டை வெட்டிச் சேர்த்தால் ஒரு லெஹங்கா ஆகும். சேலத்து வெள்ளியில் பொன் முலாம் பூசினால், விளக்கு வெளிச்சத்தில் எந்தச் சம்பந்தியாலும் கண்டுபிடிக்க முடியாது. கடன் வாங்காமல் ராணி மாதிரி நிற்க வேண்டும் என்பார்கள். நிற்க வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நகையெல்லாம் என் அண்ணன் செல்வராசு செய்து அனுப்புவார். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடும் அதன் பின்னாலேயே பட்டறையும். கொலுசுதான் அவருக்குக் கைவந்த வேலை. மற்றதெல்லாம் எனக்காகக் கற்றுக்கொண்டார். படம் அனுப்பினால் போதும், அச்சாகச் செய்துவிடுவார், ஆனால் அவர் மனசு ஒப்ப வேண்டும்.

கடை தொடங்கிய புதிதில் ஒரு பாகிஸ்தானி மணமகள் ஜூமர் கேட்டாள். தலையில் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும் விசிறி மாதிரியான நகை அது. படம் அனுப்பினேன். அண்ணன் இரண்டு செய்து அனுப்பினார், இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று.

“ஏனுங்ண்ணா, ஒண்ணுதானே கேட்டேன்?”

“ஒத்தப் பக்கம் மட்டும் வெச்சா மூளின்னு சொல்லுவாங்க புள்ள. கல்யாணப் பொண்ணு மூளியா நிக்கலாமா? இன்னொண்ணுக்குக் கூலி வேண்டாம், வெச்சுக்கச் சொல்லு.”

அது ஒற்றையாக வைக்கிற நகைதான் என்று புரிய வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதற்கப்புறம் ஜூமருக்கு ஆர்டர் கொடுக்கும்போதெல்லாம், “உன்ற மூளி நகை எத்தன வேணும்?” என்றுதான் கேட்பார். கொலுசுக்கு மட்டும் இன்று வரை பொன் முலாம் பூச மாட்டார். பொன்னைக் காலில் பூட்டினால் லட்சுமியை மிதித்த மாதிரி என்பார். கஸ்டமருக்கு லட்சுமி இல்லையே அண்ணா என்றால், எனக்கு இருக்குதே என்பார்.

3

இந்தத் தடவை மணமகள் என் மகள் கீர்த்தனா.

மாப்பிள்ளை இம்ரான், அவளோடு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் பையன். அவன் அம்மா ஷாஹிதா லாகூரிலிருந்து வந்தவர். நான்கு வருடம் முன்பு தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு என் கடையில்தான் செட் எடுத்தார். அன்றைக்குப் பேரம் பேசிய பேச்சுக்கு இவரோடு சம்பந்தம் வைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மதம் மாறுவது பற்றி இரண்டு வீட்டிலும் பேச்சு நீண்டது, கதவு அறைந்து சாத்தப்பட்டது, சில நாள் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவள் அவளாகவே இருக்கட்டும், அவன் அவனாகவே இருக்கட்டும், பதிவுத் திருமணம், பிறகு மாப்பிள்ளை வீட்டு முறையில் ஒரு விருந்து என்று முடிவானது. ஷாஹிதா தன் சொந்தக்காரர்களிடம் என்ன பாடு பட்டார் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

என் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் நான் ஒரு பாடும் படவில்லை. சொல்லவே இல்லையே, எங்கே படுவது!

ஊர் வாய்க்குப் பயந்துதான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பெரிய காரணம் பிருந்தா. பிருந்தா என் அண்ணன் மகள். அவளுக்கு நாமக்கல் பக்கம் நல்ல இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் அலைந்து அமைந்த இடம். அத்தை மகள் முஸ்லிம் பையனைக் கட்டுகிறாள் என்ற செய்தி நிச்சயத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் என்னவாகும் என்று எங்கள் சனத்தில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அண்ணனிடம் சொன்னால் அவரால் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க முடியாது. அவர் சுபாவம் அப்படி. ஆக, நிச்சயம் முடியட்டும், பிறகு காலில் விழுந்துகொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஆனால் தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? எங்கள் வீட்டில் அந்தச் சீர் கொலுசுதான். மாமன் தன் கையால் பூட்டிவிட வேண்டும். கையால் பூட்ட வழியில்லாவிட்டாலும் அவர் கை செய்ததாவது அவள் காலில் கிடக்கட்டும் என்று எனக்கு ஆசை. அதனால், “ஒரு கஸ்டமர் பொண்ணுங்ண்ணா, முஸ்லிம் வீட்டுக் கல்யாணம், முழு செட்” என்று சொல்லி ஆர்டர் கொடுத்தேன். கொலுசுக்குக் குலுங்கும் முத்து வேண்டாம், சத்தம் வரக்கூடாது, அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம் என்றும் சொன்னேன். சந்தேகம் வரக்கூடாதே என்று வழக்கமான கூலியையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்கு நிம்மதி. கடைப் பழக்கம் காலை வாரிவிட்டது. எந்தப் பெண் வந்தாலும் இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, சங்கிலிக்கு எத்தனை கண்ணி வளையம் என்று எழுதித்தான் அனுப்புவேன். கீர்த்தனாவையும் அப்படியே அளந்தேன். கடையில் நாலு பேர் காத்திருக்க, அவசரத்தில் போனில் தட்டி அனுப்பினேன்: ‘இடது காலுக்கு இரண்டு கண்ணி கூட.’

4

கீர்த்தனாவுக்கு எட்டு வயதில் ஊருக்குப் போயிருந்தபோது, மாமனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போய், சக்கரத்தில் கால் மாட்டி இடது கணுக்கால் உடைந்துபோனது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அண்ணன்தான். எலும்பு கூடியது, ஆனால் கணுக்கால் கொஞ்சம் தடித்தே நின்றுவிட்டது. அவள் பெரியவளானதும் சீர் செய்ய எங்களை ஊருக்கு வரவழைத்து, இரண்டு காலுக்கும் இரண்டு அளவில் கொலுசு செய்து பூட்டியவரும் அவர்தான். இடது காலுக்கு இரண்டு கண்ணி கூட.

இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு நானே ஓய்ந்துவிட்டேன்.

ஆர்டர் போன பத்துப் பதினைந்து நாளில் அண்ணன் கூப்பிட்டார். ஆரத்தின் கல் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

“ஏம்புள்ள, அந்தக் கஸ்டமர் பொண்ணுக்கு இடது கால்ல என்ன?”

“தெரீலீங்ண்ணா. அப்பிடித்தான் அளவு குடுத்தாங்க.”

“செரி.” பட்டறையில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. “முத்தும் வேண்டாங்கறாங்க. சத்தமே இல்லாத கொலுசு. கல்யாணமும் சத்தமில்லாமத்தான் பண்றாங்களோ?”

நான் சிரித்து வைத்தேன். தெரிந்துவிட்டதா, இல்லையா? அந்த வாரம் முழுக்க அவர் சொன்னதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். சும்மா கேலிதான், கேலி அவர் பிறவிக் குணம் என்று கடைசியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் கீர்த்தனாவும் இம்ரானும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கல்யாண அறிவிப்பு கொடுத்தார்கள். இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். திரும்பி வரும்போது காரில் கீர்த்தனா சொன்னாள்.

“அம்மா, சாட்சி யார்னு கேட்டாங்க. உங்க ஃபேமிலியில யாருன்னு. எங்க மாமா இருக்கார், பட் அவருக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.”

“அதை ஏண்டி அந்த ஆபீசர்கிட்டச் சொன்னே?”

“அவங்க கேட்டாங்க. நான் பொய் சொல்லணுமா?”

இங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் இது ஒரு தொல்லை. தமிழில் நீயும் நீங்களும் கலந்து குழப்பும், மாமாவிடம் ‘நீ சாப்பிட்டீங்களா’ என்று கேட்கும். ஆனால் பொய் என்று வந்தால் எந்த மொழியிலும் திக்காது, நேராகக் கேட்டுவிடும். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரிந்த விஷயம் என் கூடப் பிறந்தவருக்குத் தெரியவில்லை என்பது அன்றைக்கு என்னைக் குத்தியது. அப்போதே போனை எடுத்திருக்கலாம். பிருந்தா நிச்சயம் அடுத்த மாதம் என்றார்களே, அதுவரை பொறு என்று எடுக்காமல் இருந்துவிட்டேன்.

5

மறுபடி வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஒற்றைக் கொலுசு மேசைமேல் கிடக்கிறது. ஊரில் அப்போது மத்தியானம் தாண்டியிருக்கும். கூப்பிட்டேன். கீர்த்தனாவுக்கு அன்றைக்கு விடுப்பு, லெஹங்கா போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்து பக்கத்தில் நின்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணா, பார்சல் வந்துருச்சுங்க.”

“வந்துருச்சா? எல்லாஞ் செரியா இருக்குதா?”

“கொலுசு ஒண்ணுதானுங்ண்ணா இருக்குது.”

“ஒண்ணுதான் போட்டேன்.”

அப்போதும் பாருங்கள், என் வாயில் உண்மை வரவில்லை. “அந்தக் கஸ்டமர் பொண்ணு சனிக்கெழம மேடை ஏறோணுங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?”

“இன்னமும் கஸ்டமருங்கற.” அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “இடது காலுக்கு ரெண்டு கண்ணி கூடன்னு அனுப்பிச்சயே, உனக்கே கை கூசலையா? அந்தக் கால மடியில வெச்சுட்டு ஆட்டோவுல போனவன் நானு. எனக்கே அளவு சொல்றயா?”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். கண்ணியப் பத்த வெக்கறப்பப் பாத்தேன், பாலிஷ் போடறப்பப் பாத்தேன். பொட்டி கட்டற அன்னைக்கும் போன பக்கத்துலயே வெச்சுட்டுப் பாத்தேன். நீ கூப்படவே இல்ல.”

“பிருந்தாவுக்குப் பேசீட்டிருக்கறப்ப எப்பிடிங்ண்ணா சொல்லுவேன்? அந்த எடம் போயிருச்சுன்னா?”

“அது என்ற பாடு. நீ எதுக்குச் சொமக்கற? இதபாரு கலாமணி. எனக்கு இது புடிச்சிருக்குதான்னு கேட்டீன்னா, புடிக்கல. பொய் சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தீன்னா திட்டியிருப்பேன், ரெண்டு மாசம் பேசாம இருந்திருப்பேன். அது வேற. கஸ்டமர் வேலைன்னு சொல்லிக் கூலி அனுப்பிச்சயே, அதத்தான் என்னால தாங்க முடியில. தாய்மாமன் சீருக்கு மாமனுக்கே கூலி குடுத்தவ இந்த ஒலகத்துல நீ ஒருத்திதான் புள்ள.”

கீர்த்தனா போனை இழுத்துக்கொண்டாள். “மாமா,” என்றாள். அதற்கு மேல் தமிழ் வரவில்லை அவளுக்கு. தேடித் தேடி, “மாமா, நீ வாங்க,” என்றாள்.

அவர் குரல் மாறியிருந்தது.

“கூப்படாத கல்யாணத்துக்கு எப்பிடிச் சாமி விசா கேக்கறது? இனிக் கேட்டாலும் சனிக்கெழமைக்குள்ள வருமா? ஒண்ணு பண்ணு. வலது கால்ல அதப் போட்டுக்க. உன்ற அம்மாவப் பூட்டி உடச் சொல்லு. இடது காலுக்கு நான் வெச்சிருக்கறேன். அந்தப் பையனையும் கூட்டீட்டு வா. நம்மூட்டு வாசல்ல, பட்டப்பகல்ல, ஊரே பாக்க உக்கார வெச்சு நான் பூட்டி உடறேன். கால ஒடச்சவன் நானு, அது என்ற கடன்.”

எனக்குப் பயம் தாங்கவில்லை. குறுக்கே புகுந்து, “அண்ணா, பிருந்தா?” என்றேன்.

“மாப்பள ஊட்டுல போன வாரமே சொல்லீட்டேன். பின்னால தெரிஞ்சு பேசறதுக்கு முன்னாலயே தெரியட்டும்னு.”

“என்ன சொன்னாங்க?”

“யோசிச்சுச் சொல்றம்னாங்க. இன்னும் யோசிக்கறாங்க,” என்றார். வைத்துவிட்டார்.

6

வெள்ளிக்கிழமை எனக்குப் புத்தி குறுக்கே போயிற்று. கடையில் ஜோடி ஜோடியாகக் கொலுசு தொங்குகிறது. அதில் ஒரு ஜோடியை நீட்டிக் கல்யாணத்துக்கு மட்டும் இதைப் போட்டுக்கொள், மாமா கொலுசை மடியில் வைத்துக்கொள் என்று கீர்த்தனாவிடம் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அதைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நாமக்கல்லிலிருந்து ஏதாவது சேதி வந்ததா என்று எழுந்ததும் போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மகளை உட்கார வைத்து வலது காலில் கொலுசைப் பூட்டினேன். மருதாணி ஏறிய இடது கால் வெறுமையாக இருந்தது. எனக்கு ‘மூளி’ என்ற சொல்தான் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனையோ வீட்டுப் பெண்களைக் குறையில்லாமல் ஜோடித்து மேடை ஏற்றியவள், என் பெண்ணை இப்படி அனுப்புகிறேனே!

பதிவு அலுவலகத்தில் நீளப் பாவாடை மறைத்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. விருந்து மண்டபத்தில்தான் மாட்டிக்கொண்டோம். போட்டோக்காரப் பெண் மருதாணிக் காலை எடுக்க வேண்டும் என்று லெஹங்காவைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். ஷாஹிதா, அவர் நாத்தனார்கள், மூத்த மகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருத்தி குனிந்து பார்த்து, இன்னொரு கொலுசு எங்கே, கழன்று விழுந்துவிட்டதா என்று தரையில் தேட ஆரம்பித்தாள்.

ஷாஹிதா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார், “இது உங்கள் பக்கத்து ஃபேஷனா? எங்கள் ஜூமர் மாதிரி ஒற்றையா?”

அவர் எனக்கு நல்ல வழி காட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அழகாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள், அடுத்த மாதம் இரண்டு பேர் கடைக்கு வந்து ஒற்றைக் கொலுசு கேட்டிருப்பார்கள். நாக்கு நுனி வரை வந்தது. அதே ஷாஹிதாவிடம்தான், என் அண்ணனுக்கு வேலை மும்முரம், வர முடியாது என்று நான் முன்பே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன்.

“ஃபேஷன் இல்லை,” என்றேன். “இன்னொன்று இவள் தாய்மாமனிடம் இருக்கிறது. அவர் கையால் பூட்ட வேண்டியது. நான் அவரைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அவர் வேலையாக இருக்கிறார் என்று உங்களிடம் சொன்னது பொய்.”

சிரிப்பு நின்றது. கீர்த்தனா என்னைப் பார்த்தாள். நாத்தனார்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஏதோ கிசுகிசுத்தாள். ஷாஹிதாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சம்பந்தியின் மானத்தைக் காப்பாற்ற நினைத்திருப்பார் போலிருக்கிறது. குனிந்து, லெஹங்காவின் ஓரத்தை இழுத்து அந்த வெறுங்காலை மூடப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மறைக்காதீங்க,” என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் அவர் கையை எடுத்துவிட்டார். போட்டோக்காரப் பெண் இரண்டு காலையும் சேர்த்துப் படம் எடுத்தாள்.

அந்தப் படத்தை அன்றைக்கே அண்ணனுக்கு அனுப்பினேன்.